எக்செல் புணரியல்

நிலைமொழியோடு வருமொழி சேரும்போது என்னென்ன நேரும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவிட்டார். நிலைக்கோப்போடு வருகோப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இலக்கணிகள் கைவிட்டுவிட்டனர். அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப்பொருள், மாதக் கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மெயிலில் வந்து குவியும் எக்செல் கோப்புகள். கருவி, பைத்தானும் அதில் 2008-இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய பாண்டாஸ் நூலகமும். ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் படித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் சேமிக்க நாலைந்து வரி நிரல் போதும். எம்மாற்றமும் இன்றிச் சேரும் இயல்பு புணர்ச்சி கொள்கையளவில் உண்டு. கண்டவர் இலர்.

விகாரங்களில் முதலாவது தோன்றல். ஒருவர் ‘பெயர்’ என்று தலைப்பிட்டிருப்பார். இன்னொருவர் அதையே அடித்துவிட்டுக் கைப்பழக்கத்தில் ஒரு ஸ்பேஸும் தட்டியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பாண்டாஸுக்கு வெவ்வேறு. கூட்டுக்கோப்பில் பெயர்ப் பத்திகள் இரண்டாகும்; ஒன்று நிரம்பிய வரிசையில் மற்றது காலி. பேய்க்கோப்பும் இவ்வகையே. எவரேனும் கோப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு டீக்குப் போனால், பெயருக்கு முன்னால் ~$ ஒட்டிய மறைகோப்பு ஒன்று பக்கத்தில் முளைக்கும். நிரல் அதையும் கோப்பென்று நம்பிப் படிக்கப் போய்ப் படுத்துவிடும்.

திரிதலே ஆய்வாளருக்குச் சோறு போடுவது. ஏப்ரல் மாதத் தேதிகளை நாள்/மாதம் என்று நாம் தட்ட, அமெரிக்க முறையில் அமைந்த கணினி அவற்றை மாதம்/நாள் என்று கொள்ளும். முதல் பன்னிரண்டு நாளும் மாதத்துக்கு ஒன்றாய் ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறும். பதின்மூன்றாவது மாதம் இல்லாத ஒரே காரணத்தால் மிச்ச நாட்கள் வெறும் எழுத்தாக நின்று தப்பிக்கும். பின்கோடு பத்தியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், மயிலாப்பூர் 600004.0 ஆகிவிடும். நம்மை விடுங்கள், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழுவே இதில் தோற்றது. மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் மார்ச் முதல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், அது மார்ச்எஃப்1 ஆயிற்று என்பதைக் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அன்று மென்பொருள் திருந்தவில்லை, மரபணு திருந்தியது.

கெடுதல் சிரிப்பதற்கில்லை. அதே 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் தொகுத்தது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் 10,48,576 வரிசை கொள்ளும்.

மூன்று விகாரங்களையும் கடந்து, ஒரே ஷீட்டாகத் திரண்ட கோப்பை மேலதிகாரியிடம் சமர்ப்பித்தோம். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு. இதையே மாவட்ட வாரியா தனித்தனியாப் போட்டுக் குடுத்துடுங்க.”

சேர்த்து எழுதியாயிற்று. பிரித்து எழுதுக என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.