கிரண்டில்டு: ஒரு முனகலியல் ஆய்வு

ஆங்கிலத்தில் 'டிஸ்கிரண்டில்டு' என்றொரு பெயரடை உண்டு. மனக்குறையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவரை அப்படிச் சொல்வார்கள். அதன் தலையிலிருக்கும் 'டிஸ்' என்ற கொம்பை ஒடித்துவிட்டால் 'கிரண்டில்டு' மிஞ்சும். இந்த மொட்டைச் சொல் லேசில் கண்ணில் படாது. இதன் பிறப்பையும் வழக்காற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆய்வுச் சிக்கலை முதலில் எழுப்பியவர் என் மாமனார். காலையில் டபராவை ஒரு கையிலும் நாளிதழை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, இங்க பாருங்க. அதிருப்தி எம்.எல்.ஏ., அதிருப்தி எம்.எல்.ஏ.ன்னு போட்டுக்கிட்டே இருக்கான். திருப்தி எம்.எல்.ஏ.ன்னு என்னைக்காவது போட்டிருக்கானா?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆங்கிலப் பத்திரிகைகளின் டிஸ்கிரண்டில்டு எம்.எல்.ஏ.தான் தமிழுக்கு வரும்போது அதிருப்தி எம்.எல்.ஏ. ஆகிறார். 2019 ஜூலையில் கர்நாடகக் கூட்டணி அரசு ஆட்டம் கண்டபோது மும்பை ஓட்டலில் போய்த் தங்கியவர்களுக்கெல்லாம் இந்த அடைமொழி தாராளமாகக் கிடைத்தது. அதே வாரங்களில் பெங்களூருப் பக்கம் ரிசார்ட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த மற்றவர்களுக்கு ஓர் அடைமொழியும் இல்லை. அவர்களும் அதே மாதிரி மெத்தையில்தான் படுத்திருந்தார்கள். ஆனால் திருப்தியாக இருப்பவருக்கு அடைமொழி எதற்கு என்று உதவி ஆசிரியர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இனிச் சொற்பிறப்பு. 'கிரண்ட்' என்பது பன்றி எழுப்பும் ஒலி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பின்னால் 'ல்' என்றொரு வாலை ஒட்டினால் அந்தச் செயல் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பொருள். பொறிக்கு 'ஸ்பார்க்', பொறிப்பொறியாக மின்னுவதற்கு 'ஸ்பார்க்கிள்'. நாம் வாலை நம்பாமல் சொல்லையே இரட்டிப்போம்: முணுமுணு, பளபள. ஆகவே 'கிரண்டில்' என்றால் உர் உர் என்று விடாமல் முனகிக்கொண்டிருப்பது. 'டிஸ்' ஒட்டிய வடிவத்துக்கு 1682 ஆம் ஆண்டிலேயே எழுத்துச் சான்று உண்டு.

இங்கேதான் வேடிக்கை. இந்த 'டிஸ்' எதிர்மறை அல்ல. அழுத்தம் கொடுக்க வந்தது. டிஸ்கிரண்டில்டு என்றால் முனகாதவர் என்று பொருளில்லை, முழுமூச்சாக முனகுபவர். ஆங்கிலேயர்களைப் பார்த்து நாம் சிரிக்கவும் முடியாது. வடமொழியில் 'அகோர' என்றால் கோரம் இல்லாதது. சிவனின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர். நாமோ அகோரப் பசி என்கிறோம். கோரமில்லாத பசிதானே என்று நம்பி எந்தச் சமையல்காரரும் அரிசியைக் குறைத்துப் போட்டதில்லை.

ஆக, பழைய கணக்குப்படி கிரண்டில்டு ஆசாமி கொஞ்சமாக முனகுபவர், டிஸ்கிரண்டில்டு ஆசாமி நிறைய முனகுபவர். இருவரும் பங்காளிகள். அவர்களை எதிரிகளாக்கிய பெருமையில் பெரும்பங்கு பி.ஜி. வுட்ஹவுஸுக்குப் போகிறது. 1938 இல் வந்த 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே இந்தச் சம்பவம் நடக்கிறது. உலகம் சுற்றும் கப்பலில் போக வேண்டும் என்று பணியாள் ஜீவ்ஸுக்கு ஆசை. எஜமானர் பெர்ட்டி வூஸ்டர் மசியவில்லை. ஜீவ்ஸ் மரியாதை தவறாதவர். ஆனால் குரலில் ஏதோ ஒன்று இடறுகிறது. மனக்குறை என்று அடித்துச் சொல்லவும் முடியாமல், மனநிறைவு என்று ஒப்புக்கொள்ளவும் முடியாமல் தவிக்கும் பெர்ட்டி, அந்த இடத்தில் கொம்பை ஒடித்து மொட்டைச் சொல்லை எடுத்து நீட்டுகிறார். எனக்குத் தெரிந்து ஒரு பணியாளின் தொண்டையை இவ்வளவு நுணுக்கமாக அளந்த முதலாளி வேறு யாருமில்லை.

இதற்குப் பிறகு கொம்பொடிப்பு ஒரு விளையாட்டானது. 1994 இல் 'தி நியூயார்க்கர்' இதழில் ஜாக் வின்டர் ஒரு குறுங்கதை எழுதினார். ஒரு விருந்தில் மனைவியை முதன்முதலாகச் சந்தித்த கதை. கதை நெடுக இப்படித் தலை போன பெயரடைகளாகவே நடமாடுகின்றன. நம் கிரண்டில்டு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. செய்தித்தாள்களிலோ இது வழி தவறித்தான் நுழைகிறது, அதுவும் தலைப்பில் சிலேடைக்காக. நமக்கும் இந்த நோய் புதிதல்ல. 'அசிங்கம்' என்று திட்டு வாங்கிவிட்டு, முதல் எழுத்தைக் கழித்துக்கொண்டு கம்பீரமாக நடந்த பள்ளி நாள் யாருக்குத்தான் இல்லை?

எஞ்சியிருப்பது களஆய்வு. 2022 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 411 பன்றிகளின் 7,414 குரல்களைப் பதிவு செய்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மகிழ்ச்சியில் எழும் குரல் குறுகியது, துன்பத்தில் எழுவது நீளமானது என்பது அவர்கள் முடிவுகளில் ஒன்று. அதாவது கிரண்டில்டு, டிஸ்கிரண்டில்டு இரண்டையும் கடிகாரத்தை வைத்தே பிரித்துவிடலாம். என்னிடம் 411 பன்றிகள் இல்லை. மாமனார் இருக்கிறார். (முந்தைய பதிவுகள் எந்த உயிரினத்துடையவை என்று அவரிடம் சொல்லவில்லை.)

நான்கு நாள் கைபேசியில் பதிவு செய்தேன். அவருடைய சொல்வளத்தில் பெரும்பகுதி 'ம்'தான் என்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் பில்லைப் பார்த்ததும் வந்த 'ம்' இழுத்துக்கொண்டே போய் மூக்கில் முடிந்தது. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதை என் மனைவி நினைவூட்டியபோது வந்தது அதைவிட நீளம். நடுவில் ஒரு மூச்சு வேறு. நான்காம் நாள் காலை, புதுப் பொடியில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன். ஒரு வாய் உறிஞ்சினார். கண் நாளிதழில்தான் இருந்தது. "ம்." கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆங்கில இலக்கியம் தேடியலைந்த கிரண்டில்டு, என் வீட்டுத் திண்ணையில், மீசையில் நுரையோடு.

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். "என்னங்க, நாலு நாளா அப்பா பின்னாடியே போனைத் தூக்கிக்கிட்டுத் திரியறீங்க. ரேஷன் கடைக்கு இன்னைக்காவது போவீங்களா?"

"ம்ம்ம்ம்" என்றேன்.