ஷல் அண்ணன்

செல்போனும் டவரும் என்ன பேசிக்கொள்ள வேண்டும், யார் முதலில் வாய் திறக்க வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை மில்லிவினாடி பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதியதில் இன்னொருவர் உட்கார்ந்து குற்றம் பார்க்கிறார். அந்த இன்னொருவர் எங்கள் உறுவையாற்றில், மாடி அறையில், லுங்கியோடு இருக்கிறார். ஊர் வைத்த பெயர் ஷல் அண்ணன்.

செல்போன் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் வரைவுகளில் 'ஷல்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் செய்தால் நல்லது. 'மே' என்றால் உன் இஷ்டம். ஒரு 'ஷுட்'டை 'ஷல்' ஆக்க இவர் மூன்று கூட்டம் மல்லுக்கட்டினார். கடைசியில் தலைவர் 'நோட்டட்' என்று எழுதி முடித்துவிட்டார். பார்த்தாயிற்று, எடுத்துக்கொண்டு போ என்பதற்கு அங்கே அதுதான் மரியாதைச் சொல்.

இந்தக் கண்ணிடம் தங்கை கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்கக் கொடுத்தது என் புத்தி. '6 மணிக்கு மேல் 7.30க்குள்' என்றால் 7.30 சேர்த்தியா, இல்லையா? 'வந்திருந்து வாழ்த்தும்படி' என்பது கட்டாயமா, பரிந்துரையா? வராதவரை எத்தனை தடவை திரும்பக் கூப்பிடுவீர்கள்? பதினொரு கேள்வி. மாப்பிள்ளை பெயரில் கால் விழுந்துபோயிருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

டீக்கடையில் அண்ணன் வேறு ஆள். "கிராமத்துல டவருக்கு டவர் 6 கிலோமீட்டர் இருக்கும், அதையும் சோதனைக் கணக்குல சேருன்னு ஐநா தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியூவையே ஒத்துக்க வெச்சது நம்ம நாடு. ஐஐடி மெட்ராஸும் ஐதராபாத்தும் ஒழைச்சி வந்ததுதான் 5ஜிஐங்கிற நம்ம 5ஜி தரநிலை. 2020 நவம்பர்ல ஒப்புதல். அப்புறம் 3ஜிபிபி 17ஆம் வெளியீட்டுல கலந்துடுச்சி."

"அப்ப எம் மோட்டார் கொட்டாய்ல எடுக்குமா?"

"அது எஃப்எஃப்எஸ்."

மேற்கொண்டு ஆராய வேண்டியதாம். வாய்தா என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

ஒருநாள் அண்ணி, "வர்றப்ப தேங்கா வாங்கினு வரலாம்" என்றார். அண்ணன் கைவீசி வந்தார். "லாம்னா 'மே'தானே?"

மறுநாள் அவர் மேசையில் ஒரு மாற்றக் கோரிக்கை, அவருடைய படிவத்திலேயே, அண்ணி கையெழுத்தில். மாற்றத்துக்குக் காரணம்: சட்னி. மாற்றத்தின் சுருக்கம்: தேங்காய் 2. 'ஏற்காவிட்டால் விளைவு' என்ற கட்டம் மட்டும் காலி.

அந்தக் காலிக் கட்டத்தை அண்ணன் இரண்டு தரம் படித்தார். பிறகு செருப்பைத் தேடினார்.