ஏ போட்டியும் டபிள் கப்பும்

பந்தயக் கார்களின் கதை படிக்கும்போதெல்லாம் என் மனதில் ஓடுவது எங்கள் மன்னார் விடத்தல்தீவு ‘ஏ போட்டி’தான். அதாவது ஒஸ்ரின் ஏ40 கார். 1,200 சிசி எஞ்சின், 40 குதிரைவலு. இதே குடும்பத்து ஏ40 ஸ்போர்ட்ஸ் ஒன்று 1951இல், கடல் குறுக்கிட்ட இடங்களை விமானத்தில் தாண்டி, 21 நாளில் உலகைச் சுற்றி வந்தது. எங்களுடையது மடு ஆவணித் திருவிழாவுக்குச் சனத்தை நெருக்கி ஏற்றிப் போனது. இரவில் பிள்ளைப்பேற்று நோவெடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. எனக்கு அதுதான் பெரிய ஓட்டம்.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் படாது; கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சாரதி அண்ணை பொனற்றைத் தூக்கி, சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விடுவார். “இப்ப சுத்து தம்பி” என்பார். முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றுவோம். எஞ்சின் இரண்டு தரம் இருமும், பிறகு பிடிக்கும். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியும். அந்த வெள்ளைப் புகை மணம் கோயிலுக்குப் போட்ட உடுப்பிலும் நிற்கும்.

எஞ்சினின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில் இருந்ததால்தான் இந்தத் தரக்குறைந்த எரிபொருளை அது தாங்கியது. அப்படியும் ‘நொக்’ அடிக்கும். கராஜ்காரர் ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கற் வைத்து அழுத்தத்தை இறக்குவார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் வடிந்து அதைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் அவர்கள் படிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்னார்கள். அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன்.

2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின், எங்கள் ஊர் நண்டும் இறாலும் ஏ32 வீதியால் நேரே யாழ்ப்பாணம் போகின்றன. அதே வீதியில் இன்று டபிள் கப் பிக்கப் வண்டிகள் பறக்கின்றன. ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு 204 குதிரைவலு. 1924இல் வந்து பந்தயக் களங்களை ஆண்ட புகாட்டி டைப் 35க்கே ஏறக்குறைய 90தான். டபிள் கப் மழைக்கும் மணலுக்கும் அஞ்சாத வண்டி. நோயாளிக்கு நல்ல வண்டி. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அதன் நுண்ணிய இன்ஜெக்டர்களுக்கு நல்ல டீசலே வேண்டும். பிழை வந்தால் கணினியைப் பொருத்தித்தான் பார்க்க வேண்டும். 2022இல் நாடு எரிபொருளுக்குத் தவித்தபோது இந்த வலுவெல்லாம் கியூஆர் பங்கீட்டு வரிசையில் நின்றது. அந்த நாட்களில் பழைய கராஜ்காரர்களை நான் ஏக்கத்தோடு தேடினேன். பலர் இல்லை. இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது.

உங்கள் வளவில் பழைய ஏ போட்டி ஒன்று கிடந்தால் இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். அதைத் திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருக்கும்போதே, ஓர் இளம் பொடியனை அவரிடம் அனுப்பி வையுங்கள்.