கொடைக்கானல் போகும் மாப்பிள்ளைமாருக்கு

சங்கரன்கோவிலில் எந்த மச்சில் ஏறி மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். புளியங்குடியைத் தாண்டினால் அடிவாரம். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆகவே குளிர்காலத்தில் கூட்டாளிகளோடு சாகசப் பயணம் போக நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அந்த மலையைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. கண்ணுக்குத் தெரிகிற மலைக்குப் போனால் ‘விறகு பொறுக்கவா போனே?’ என்று கேட்பார்கள். அதே மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வடக்கே ஏறி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சுற்றிக் கொடைக்கானல் போய்ச் சேருங்கள். அதுதான் மரியாதை.

தேதி குறிப்பதில் அவசரம் வேண்டாம். சாகசம் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் பாதி. வடகிழக்குப் பருவமழை அப்போது ஓய்ந்திருக்காது. மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மேலேயே ஏறிப்போய் மரங்களைச் சாய்த்து ரோட்டை அடைத்தது. உறைபனி வேண்டுமென்றால் ஜனவரி. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்று அடம்பிடிக்கக் கூடாது. மேகம் இருக்கிற ராத்திரியில் தரையின் சூடு வெளியேறாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்து, காற்றும் அடங்கினால்தான் உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் வெள்ளை படிவது ஏரிக்கரையிலும் பள்ளமான புல்வெளியிலும். உங்கள் கூட்டாளிகள் அதைத் தேடி உச்சிக்குப் போவார்கள், அதுவும் காலை பத்து மணிக்கு. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும் என்பதை யாரும் சொல்ல வேண்டாம். தேடுவதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

அடுத்தது ஆள் சேர்ப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குங்கள். பெயர் வைப்பதிலேயே இரண்டு நாள் போகும், போகட்டும். ‘மாப்ள, கண்டிப்பா வாரேன்’ என்று முந்திக்கொண்டு எழுதுகிறவன் வரமாட்டான். ‘பாப்போம்ல’ என்று இழுக்கிறவன், வேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கோயில் வாசலில் பையோடு நிற்பான். கார்த்திகை, மார்கழியில் பாதிப்பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அவர்களைப் பிரியாணிக் கணக்கில் சேர்க்க வேண்டாம், இன்னொரு கணக்கிலும்தான். விசைத்தறிக்காரன் ஒருவன் கட்டாயம் இருப்பான். சனிக்கிழமை கூலி கொடுத்து முடிக்காமல் அவன் நகர மாட்டான். வெள்ளி இரவு கிளம்ப வேண்டிய வண்டி சனி மத்தியானம் கிளம்பும். மலைப்பாதையில் இருட்டில் ஏறும் பாக்கியம் இப்படித்தான் கிடைக்கிறது.

கிளம்பும்போது அம்மா நெற்றியில் கோயில் புற்றுமண் பூச வருவார். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ளப்போகும் ஒரே முன்னெச்சரிக்கை அதுதான்.

வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்சி புத்தகத்தில் போட்டிருக்கும். அது சும்மா ஒரு அபிப்பிராயம். பின் சீட்டில் நான்காவதாகத் திணிக்கப்பட்டவன் இரண்டு காலும் வைக்க இடம் கேட்டால், கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்த ஊர்க்காரன் நீ என்று நினைவூட்டுங்கள். இ-பாஸ் எடுக்கும் பொறுப்பை எப்போதும் தூங்குகிறவனிடமே ஒப்படையுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. வீட்டிலிருந்தே ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் சோதனைச் சாவடியில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, டவர் கிடைக்காத போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுப்பதில் உள்ள விறுவிறுப்பு அதில் ஏது? கேஸ் கணக்கில் வாங்கிப்போன தண்ணீர் பாட்டில்களும் அங்கேயே மாட்டும். 5 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. பிடிபட்ட தண்ணீரை அங்கேயே குடித்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அதன் பலன் பத்து வளைவுக்குப் பிறகு தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சங்கரன்கோவில்காரன் மட்டன் பிரியாணி பார்சல் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால் குலத்துக்கே இழுக்கு. அது ராஜபாளையத்துக்கு முன்பே தீரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, ஆளுக்குக் கால் கிலோ. உசிலம்பட்டியில் டீயும் வடையும். இது உள்ளே போகும் வரிசை. வத்தலக்குண்டு தாண்டிப் பாதை வளையத் தொடங்கியதும் இவை வெளியே வரும் வரிசை தலைகீழ். குமட்டலுக்கு மோந்து பார்க்கப் புளியங்குடி எலுமிச்சை நாலு வாங்கிப் பையில் போட்டிருப்பீர்கள். இன்னொரு கணக்கைச் சேர்ந்தவர்கள் அதைச் சோடாவில் பிழிந்து எப்போதோ முடித்திருப்பார்கள்.

உடுப்பு பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் அளவில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்குப் பக்கம். பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி போய்விடும். ஊரில் இருபது டிகிரிக்கே மங்கிக் குல்லா மாட்டிக்கொண்டு தெருவில் இருமுகிறவர்கள் நாம். இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துப்போகக் கூடாது. கைலியும் துண்டுமாகப் போய், ஏரிக்கரைக் கடையில் நடுங்கிக்கொண்டே பேரம் பேசுங்கள். உங்கள் பல் தந்தியடிக்கும் சத்தத்தைக் கேட்டு விலை சொல்வதில் அந்தக் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

மறுநாள் குணா குகை. போகாமல் வந்தால் ஊரில் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்று சொல்லிவந்த பாறைப் பிளவு, 1991-இல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்தபின் இந்தப் பெயருக்கு மாறியது. 2006-இல் கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பிளவுக்குள் விழுந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்தபின், அங்கே வரும் ஒவ்வொரு கூட்டமும் தன்னை அந்தக் கூட்டமாகவே நினைத்துக்கொள்கிறது. வேலி ஓரம் நின்று உங்கள் கூட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்: ‘நான் விழுந்தா எவம்ல எறங்குவான்?’ ஒருவன் போனை எடுத்து வீடியோ போடுவான். ஒருவன் கயிறு எங்கே என்பான். கணக்கு எழுதுகிறவன் விழுந்தால் மட்டும் ரெண்டு பேர் இறங்கத் தயார்; அட்வான்ஸ் பணம் அவன் பையில் இருக்கிறது. வேலியைத் தாண்டிப் பார்க்கிற ஆசை யாருக்காவது வந்தால், அவனுக்குப் பால்கோவா மிச்சம் இருக்கிறது என்று சொல்லித் திருப்புங்கள். அந்தப் பிளவுகளுக்கு அடி தெரியாது. உள்ளே போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

அதற்கு முந்தின ராத்திரி விடுதியில் குளிர் தாங்காமல் ஒருவன் சிக்கன் சுட்ட கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்தப் பார்ப்பான். இந்த ஒரு இடத்தில் நான் விளையாடவில்லை. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தலை கனக்கும், தூக்கம் வரும், போதை என்று நினைத்துப் படுப்பார்கள். கொடைக்கானலிலேயே அப்படிப் படுத்து எழாதவர்கள் இருக்கிறார்கள். அடுப்பை வெளியே தூக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். திட்டுவான், திட்டட்டும்.

இறங்கும்போது ஓட்டுகிறவனுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அதில் சிறந்த யோசனை, நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது. அப்படியே செய்தால் இன்ஜின் பிடி போய், பாரம் முழுக்கப் பிரேக்கில் இறங்கி, பாதி மலையில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். அதன்பின் மிதித்தாலும் வண்டி கேட்காது. டம் டம் பாறையில் செல்ஃபி எடுக்க நிற்க வேண்டியவர்கள், நிற்க முடியாமலே அதைக் கடந்து போகலாம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று அரசு பஸ் டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் தினமும் போகிறவர்கள், சாகசத்துக்கு வந்தவர்கள் இல்லை.

ஞாயிறு பின்னிரவில் ஊர் வந்து சேர்ந்ததும் கடைசி வேலை, கணக்கை முடிப்பது. ‘கண்டிப்பா வாரேன்’ என்று எழுதிய அந்த ஒருவன் இருக்கிறானே, அவன் காலையில் பஸ் ஏறிக் குற்றாலம் போய், ஐந்தருவியில் தலை நனைத்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்று, பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து தூங்கியும் எழுந்திருப்பான். எல்லாவற்றையும் படமெடுத்துக் குழுவிலும் போட்டிருப்பான். கொடுத்த அட்வான்ஸை இப்போது திருப்பிக் கேட்பான். கொடுக்காதீர்கள். படம் போட்டதற்கு அபராதம் என்று எழுதி வரவு வைத்துக்கொள்ளுங்கள். வேன் கழுவ அது சரியாக இருக்கும்.