அறுபது பிரேம் தம்பி

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பறவை பார்க்கத்தான் வருகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் ஏரிக்குள் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். கரையில் கேமராக்கள் மூன்று காலில் நிற்கும். இத்தனை பறவைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும் தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பாத தம்பி ஒருவன் இங்கே குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே பறவை பெங்குவின். அதுவும் லேப்டாப் மூடியில் லினக்ஸ் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பது.

விண்டோஸுக்கென்று எழுதிய கேமை லினக்ஸில் ஓட்டுவது இவன் தொழில். வருமானம் மட்டும் கிடையாது. கோட்டைக்குப்பமோ, ஆண்டிக்குப்பமோ, லைட் ஹவுஸ் குப்பமோ, ஆளை அடையாளம் காண்பது சுலபம். திரையில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்கும். இவன் கண் மட்டும் இடது மேல் மூலையில் இருக்கும். அங்கே மேங்கோஹட் என்றொரு மென்பொருள் எண்களாகக் கொட்டிக்கொண்டிருக்கும். நொடிக்கு எத்தனை பிரேம், கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, பிராசஸர் எத்தனை டிகிரி கொதிக்கிறது, எல்லாம் அதில் தெரியும். எதிரி வந்து சுட்டுத் தள்ளிவிட்டுப் போவான். தம்பி துள்ளி எழுந்து, "ஜிபியு தொண்ணூத்தொம்போது!" என்று கத்துவான். குண்டடிபட்டுச் செத்தவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் எந்தப் போரிலும் கேள்விப்பட்டதில்லை.

சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். கார்டு 99 சதவீதம் உழைத்தும் பிரேம் குறைந்தால் குற்றம் கார்டின் மேல். அதன் சக்தி அவ்வளவுதான், நிழலையும் தண்ணீர்ப் பளபளப்பையும் குறைத்துக்கொள்ளவேண்டியதுதான். கார்டு 40 சதவீதத்தில் கைகட்டி நிற்க, பிராசஸரின் ஒரு கோர் மட்டும் முழுமூச்சாக ஓடினால் அடைப்பு வேறெங்கோ. அப்போது நிழலைக் குறைத்துப் பயனில்லை. எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் புதிதாக ஒரு தெருவுக்குள் நுழையும்போது மட்டும் படம் விக்கினால், அது ஷேடர் என்கிற கிராபிக்ஸ் நிரல்கள் தயாராகிற நேரம். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவன் பாதிக் கிணறு தாண்டியவன். நம் தம்பிக்கு இது மனப்பாடம். அடுத்தவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லும்போது தெளிவாகச் சொல்வான். தன் லேப்டாப் என்று வந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

இவன் எப்படி இப்படி ஆனான் என்றால் பழியை அக்காவின் லேப்டாப் மேல்தான் போடவேண்டும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மிஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஊர் உலகமெல்லாம் விண்டோஸ் பக்கம் போனது. ஒரே ஒரு பொடியன் அக்கா வெளியே போயிருந்த நேரத்தில் அம்புக்குறியை இன்னொரு பக்கம் நகர்த்தி எண்டரைத் தட்டினான். அவன்தான் இவன்.

அந்த லேப்டாப் இன்றைக்கும் பரணில் இருக்கிறது. அதில் இருப்பது பழைய இன்டெல் சிப், வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் அதற்குக் கிடையாது. வல்கன் இல்லாத சிப்பில், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட உதவும் டிஎக்ஸ்விகே ஓடாது, ஒயின் என்ற மென்பொருளின் பழைய ஓப்பன்ஜிஎல் வழியில்தான் போகவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க இவனுக்கு ஒரு முழு ஆண்டுத் தேர்வு செலவானது. பிறகு ரிச்சி தெருவில் என்விடியா கார்டு வைத்த செகண்ட் ஹேண்ட் மிஷின் ஒன்றை நைனா இறால் பட்ட ஒரு நல்ல வாரத்தில் வாங்கிக் கொடுத்தார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. விண்டோஸ் 11 இந்த மிஷினைப் பார்த்து, உனக்குத் தகுதியில்லை போ என்றது. தம்பி கண்ணில் தண்ணீர் வரவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுபோல முகம் மலர்ந்தது.

இவன் வம்சம் பெரியது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட ஒயின் வேலை தொடங்கியது 1993-இல். 1.0 என்று எண் போட்டு வெளியிட்டது 2008-இல். "இன்னுமாடா ரெடியாவல?" என்று நைனா கேட்கும்போதெல்லாம் இவன் இந்தப் பதினைந்து வருடக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவான். அப்புறம் ஃபிலிப் ரெபோலே என்ற ஜெர்மன்காரர் நியர் ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றித்தரும் டிஎக்ஸ்விகேயை எழுத ஆரம்பித்தார். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் ஒயினையும் இதையும் சேர்த்து புரோட்டான் என்று தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் வைத்தது. அதற்குப் பிறகு இவனைப் போன்றவர்களுக்கு வாழ்வுதான். ஒரு கேமை ஆடுவதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பெரிய வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார் என்பதில் தம்பிக்கு வியப்பே இல்லை. ஆடுவதற்கு அவருக்கு நேரம் கிடைத்திருக்குமா என்பதுதான் அவன் கவலை.

கேமை இறக்குவதே தனிக் காண்டம். ஜிடிஏ 5 நூறு ஜிபிக்கு மேல். போனில் நாளைக்கு 2 ஜிபி. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அறுபத்தொன்றை இரண்டால் பெருக்கினால் 122. ஏரியில் ஃபைபர் போட் ஓட்டுகிற வீட்டுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தம்பி அந்தத் தேதியில் டவுன்லோடைத் தொடங்கி அந்தத் தேதியில் முடிப்பான். கடலில் மீனும் வளரும், ஹார்ட் டிஸ்க்கில் கேமும் வளரும்.

இறங்கியதும் ஓடும். ஆனால் பதினெட்டு பிரேமில் ஓடும். இங்கேதான் நம் ஆளின் முகத்தில் களை வருகிறது. அறுபதில் ஓடியிருந்தால் பாவம், ஆடவேண்டியதாகியிருக்கும்.

வீட்டில் லேப்டாப்புக்கு முறை உண்டு. ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று பாடு வைத்துப் பிரித்துக்கொள்வது பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வருவது. ஆயா அதே சட்டத்தை லேப்டாப்புக்கும் போட்டுவிட்டாள். பகலில் அக்கா டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பாள், சாயங்காலம் அக்கா மகளுக்கு ஒரு மணி நேரம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் தம்பி பாடு. தன் பாடு வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை ஸ்டீமில் லான்ச் ஆப்ஷன் பெட்டியைத் திறப்பது. அது ஒரு வரிப் பெட்டி. இவனுடையதைப் படிக்க ஸ்க்ரோல் பண்ணவேண்டும். யார் எங்கே எதை எழுதி, எனக்கு வேகம் கூடியது என்று சொல்லியிருந்தாலும் கொண்டுவந்து ஒட்டியிருப்பான். அதில் ராட்வி, ஏகோ என்று ஒன்று. ஏஎம்டி கார்டுக்கு உரியது. அங்கேயும் 2020-லிருந்து சொல்லாமலே அமலில் இருப்பது. இவனுடையது என்விடியா. "ஏன்டா இது?" என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துட்டுப் போட்டும்ணா, இன்னா பண்ணுது?" என்றான்.

பிறகு ஷேடர் சடங்கு. முதல் தடவை வெடிக்கும்போது விக்குகிற காட்சி, ஷேடர் தயாராகிச் சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்த தடவை விக்காது. உண்மைதான். டிஎக்ஸ்விகே 2.0 வந்தபின், டிரைவரும் ஒத்துழைத்தால், இந்த விக்கல் நிறையக் குறைந்தும்விட்டது. தம்பிக்கு அதெல்லாம் போதாது. ஒரே தெருமுனையில் ஒரே காரை நிறுத்தி, கொளுத்தி, வேகத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்துவான். பின்னால் உட்கார்ந்து நண்டு ஓடு உடைத்துக்கொண்டிருந்த ஆயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்த வண்டிக்காரன் உனுக்கு இன்னாடா துரோகம் பண்ணான்?" என்று கேட்டாள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பார்கள். ஆண்கள் எல்லாரும் வீட்டில். அன்றைக்குப் பார்த்து தம்பி டிரைவரை அப்டேட் செய்திருப்பான். அப்டேட் ஆனால் ஷேடரை முதலிலிருந்து தயாரிக்கவேண்டும். ஊரே மணலில் நின்று அண்ணாந்து பார்க்க, வீட்டுக்குள் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும். பிஎஸ்எல்வி சுமார் பதினேழு நிமிடத்தில் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் இறக்கிவிடும். பெரியப்பா டீ குடித்துவிட்டு எட்டிப் பார்ப்பார். "மேல போய் சேந்துட்ச்சாம்டா. உன்து?" "இருபத்தி மூணு, பெரிப்பா."

இத்தனை கோபுரத்துக்கும் அடியில் அஸ்திவாரம் என்னவாக இருந்தது என்பதை நைனாதான் கண்டுபிடித்தார். தம்பி அன்றைக்கு ஒரே நேரத்தில் புரோட்டான் பதிப்பை மாற்றி, கெர்னலை மாற்றி, கேம்மோடைப் போட்டு, ரெசல்யூஷனைக் குறைத்திருந்தான். பிரேம் இருபத்திரண்டானது. எதனால் நான்கு கூடியது என்று அவனுக்கே தெரியவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நைனா வாயைத் திறந்தார்.

"நாலு எடத்துல ஒண்ணா கை வெச்சா எது சரியாச்சுன்னு உனுக்கு எப்டிரா தெரியும்? இன்ஜின் இழுக்கலன்னா நானு இன்ஜினையா பிரிக்கிறேன்? மொதல்ல டேங்க்ல பெட்ரோலு கீதான்னு பாப்பேன்."

சார்ஜர் முள் ப்ளக்கில் லூசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடினால் பிராசஸரும் கார்டும் வேகத்தைச் சுருட்டிக்கொள்ளும். முள்ளை அழுத்தியதும் முப்பத்தொன்று. அந்த வெற்றியில் தம்பி இன்னொன்றையும் பார்த்தான். இத்தனை நாளும் கேம் என்விடியாவைத் தொடவேயில்லை, பக்கத்திலிருந்த இன்டெல் சிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கார்டு இருக்கிற லேப்டாப்பில் எது உழைக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் பாடம்; எல்லாரும் கடைசியில் படிப்பதும் அதுதான். மேங்கோஹட்டில் கார்டின் பெயரையும் காட்டச் சொல்லலாம். இவன் சதவீதத்தை மட்டும் காட்டச் சொல்லியிருந்தான். லான்ச் ஆப்ஷனில் பிரைம்-ரன் என்ற சொல்லைச் சேர்த்தான். ஐம்பத்தாறு. ஓட்டு வீட்டுச் சித்திரை வெக்கையில் பிராசஸர் கொதித்து மறுபடி நாற்பதுக்கு இறங்கியது. அம்மா ஃபேன் துவாரத்தில் விரலை விட்டாள். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து ஒரு வத்தல் மாதிரி கெட்டியாக வந்தது. துடைத்தபின் அறுபது.

அறுபது அசையாமல் நின்றது. தம்பி அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கேமை மூடினான். ஸ்கிரீன்ஷாட்டைப் பொன்னேரிச் சிநேகிதர்களுக்கு அனுப்பினான். அவர்கள் வலோரண்ட் கேமுக்குக் கூப்பிட்டார்கள். அதன் வான்கார்டு காவல் நிரல் லினக்ஸை வாசற்படி ஏறவிடாது. எந்தத் தம்பியாலும் சரிசெய்ய முடியாத ஒன்று. அதைச் சொன்னால் இவன் முகம் சுருங்கும்; பெரிய மீன் வலையை அறுத்துக்கொண்டு போன வீட்டில் பார்க்கவேண்டிய முகம் அது.

மறுநாள் சாயங்காலம் அக்கா மகள் தன் பாடுக்கு உட்கார்ந்தாள். சார்ஜர் மறுபடி லூசு. படம் தத்தித் தத்தி நகர்ந்தது. தம்பி பின்னால் நின்று தவித்தான். "பாப்பா, இருபத்திநாலுல ஓடுது, தெரியலயா?" அவள் திரும்பாமலே, "நவுரு மாமா, போலீஸ் வர்றான்" என்றாள். அவள் அந்தக் கேமில் எவ்வளவோ தூரம் போயிருந்தாள். இவன் முதல் தெருமுனையைத் தாண்டியதில்லை.

போன மாதம் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். காபி ஆனதும் பெண்ணின் தாய்மாமன் கேட்டார்.

"புள்ள இன்னா பண்றாரு?"

நைனா கொஞ்சம் யோசித்தார். "மெதுவா ஓட்றத வேகமா ஓட வெக்கிறாரு."

மாமனுக்கு முகம் பளிச்சென்றது. "நம்ம போட் இன்ஜின் ஒண்ணு ஒரு மாசமா மூச்சு வாங்குது தம்பி. யாருக்கும் புடிபடல."

தம்பி அன்றைக்குத்தான் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"லாக் எதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா, மாமா?"

"லாக்குலாம் இல்லப்பா. சங்கிலி போட்டு மரத்துல கட்டித்தான் வெச்சிருக்கோம்."