கமாவுக்குப் பின்னால ஒரு இடம்

வாடா தம்பி, இப்படித் திண்ணையில ஒக்காரு. மூஞ்சியில என்னா இந்தப் பளபளப்பு? பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா? இல்லியா? ஓகோ! லினக்ஸ் கையேட்டுல ஒரு கமாவைத் திருத்தி அனுப்பிட்டியா? கமாவுக்குப் பின்னால இடம் விடணும், அதான் இலக்கணமா? அடேங்கப்பா. ரோட்டோரமா ஒரு பேனர் கட்டிடலாமா? திண்டிவனத்துலருந்து பாண்டிக்குப் போற பஸ்ஸெல்லாம் கிளியனூரைத் தாண்டித்தானே போவுது. நாலு பேரு பாப்பான்.

இந்தக் கெழவனுக்கு என்னா தெரியும்னுதானே பாக்குற? என் பேரன் ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில தட்டிக்கினு கெடப்பான். என்னாடா அதுன்னேன். ஷெல்லுன்னான். கடக்கரைக்காரன் நான், சிப்பியோன்னு நெனச்சேன். இல்ல தாத்தா, நாம சொல்றத மிஷினுக்குள்ள கொண்டுபோய்ச் சேக்குற ஆளுன்னான். அப்படிச் சொல்லேன்டா, தரகன்! உப்பளத்துல பாக்காத தரகனா?

மரக்காணம் உப்பளத்துல கணக்கு எழுதுனவன்டா நான். கடல் தண்ணி உப்புக் கணக்குல மூணு டிகிரி சொச்சம். பாத்தியில வெயில் குடிச்சுக் குடிச்சு 25-ஐத் தாண்டினா உப்பு படியும். 29, 30-க்கு வந்தா மிச்சத் தண்ணிய வடிச்சி வுட்டுடணும். வுடலன்னா மக்னீசியம் சேந்து உப்பு கசக்கும், மூட்டை நசநசன்னு ஈரம் பிடிக்கும். ஒருதரம் பலகையில 29-ன்னு எழுதுறதுக்கு 39-ன்னு எழுதிட்டேன். பழைய ஆளுங்க பலகைய எங்க பாத்தாங்க? தண்ணியப் பாத்தாங்க, வடிச்சிட்டாங்க. புதுசா வந்த பையன் ஒருத்தன்தான் எழுத்த நம்பினான். கண்ணாடிக் குழாயை வுட்டு வுட்டுப் பாத்துக்கினு 39-க்குக் காத்துக்கினே நின்னான். அவன் பாத்தி உப்ப நாக்குல வெச்சவன் எல்லாம் என்னைத்தான் திட்டினான்.

அதனால சின்னப் பிழைன்னா எனக்கு எளக்காரம் இல்ல. 2011-ல பம்பிள்பீன்னு ஒரு லினக்ஸ் மென்பொருள். அதை நிறுவுற நிரல்ல ஒரு வரி. 'யுஎஸ்ஆர்'ங்கிற பெரிய கோப்புறைக்குள்ள ஆழத்துல கெடக்குற ஒன்ன அழிக்கணும். எழுதுனவன் 'யுஎஸ்ஆர்'னு போட்டு, கை தவறி ஒரு இடம் வுட்டுட்டு மிச்சத்த எழுதிட்டான். கிளியனூர் மேலத் தெரு மூணாவது வூட்டு ஓட்டைப் பிரிடான்னு சொல்ல வந்தவன், கிளியனூர்னுட்டு நடுவுல மூச்சு வுட்ட மாதிரி. தரகன் என்னா பண்ணுவான்? ஐயா ரெண்டு வேலை சொல்றாரு, மொதல்ல ஊரைப் பிரிப்போம்னு பிரிச்சிட்டான். நிறுவினவன் மிஷின்ல பாதி ஊரு காலி. ஒரே ஒரு இடைவெளிடா, எழுத்துகூட இல்ல.

இன்னொரு கூத்து கேளு. 2023-ல கையேட்ட அச்சுக் கோக்குற க்ராஃப்னு ஒரு நிரலோட புதுப் பதிப்பு வந்துச்சு. கட்டளைக்கு முன்னால போடுற சின்னக் கோடு இருக்கே, மைனஸ், அதை அச்சுக்கலை முறைப்படி அழகான இணைப்புக் கோடா மாத்திக் காட்டுச்சு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தரகனுக்கு வேற வேற. கையேட்டுலருந்து எடுத்து ஒட்டினா கட்டளை ஓடல, தேடினாலும் ஆப்புடல. அச்சுக்கலைப்படி நாங்கதான் சரின்னு ஒரு கட்சி. அடப் போய்யா, எனக்கு வேலை ஆவணும்னு ஒரு கட்சி. கடைசியில டெபியன்ங்கிற லினக்ஸ் வகைக்காரங்க தங்க பக்கத்துல பழைய கோட்டுக்கே திருப்பி வெச்சிக்கினாங்க. எந்தக் கட்சின்னு என்னைக் கேக்குறியா? பலகை எழுதினவன்டா நான்.

அதுக்காகக் கண்ணுல பட்டதெல்லாம் பிழைன்னும் கெளம்பிடாத. போர்ன்னு ஒருத்தர் யூனிக்ஸுக்கு எழுதின ஷெல்லு, 1979-லருந்து பொழங்குது. அதுல 'இஃப்'னு ஆரம்பிச்சா எழுத்தத் திருப்பிப் போட்டு 'ஃபி'ன்னு முடிக்கணும். 'கேஸ்'னா 'ஈசாக்'. அப்போ 'டூ'வுக்கு 'ஓடி'தானே? இல்ல, 'டன்'. ஏன்னா 'ஓடி'ங்கிற பேருல அந்த வூட்டுல ஏற்கெனவே ஒரு நிரல் குடியிருந்துச்சு. இது தெரியாம நீ போய் ஒழுங்குபடுத்துறேன்னு நின்னா சிரிப்பானா மாட்டானா?

நெசமான குறைய அவங்களே ஒத்துக்குவாங்க. யூனிக்ஸ் கையேட்டுல 1971-லருந்தே குறைகள்னு தனிப் பகுதி உண்டு. இப்பப் பொழங்குற பாஷ்ங்கிற ஷெல்லோட கையேடு, தான் ரொம்பப் பெரிசு, ரொம்ப மெதுவுன்னு தானே எழுதி வெச்சிருக்குது. நம்மூர்ல எந்தப் பெரிய மனுசன்டா இப்படி எழுதி ஒட்டுவான்?

நீ எதுக்குத் திருத்துன, சொல்லு. பனியனுக்கா? மொறைக்காத. டிஜிட்டல்ஓஷன்னு அமெரிக்கக் கம்பெனி, 2014-லருந்து அக்டோபர் மாசம் திறந்த மூல நிரலுக்குத் திருத்தம் அனுப்புற திருவிழா நடத்துது. 2020-ல நாலு திருத்தம் அனுப்பினா ஒரு பனியன்னாங்க. நம்ம நாட்டுல ஒரு வீடியோக்காரர், எப்படி அனுப்புறதுன்னு காட்டுறதுக்கு, ஒரு கையேட்டோட தலைப்புல 'அருமையான திட்டம்'னு சேத்துக் காட்டினாரு. பாத்தவன் எல்லாம் அதையே சேத்து அனுப்பிட்டான்! அருமை, அற்புதம், ஆஹா ஓஹோ. ஒருத்தன் முற்றுப்புள்ளி வெப்பான், இன்னொருத்தன் எடுப்பான். சம்பளமில்லாம பராமரிக்கிறவன் சோறு தண்ணி இல்லாம ஒண்ணொண்ணா மூடிக்கினு கெடந்தான். அக்டோபர் 3-ஆம் தேதியே, எங்களுக்குச் சம்மதம்னு சொல்றவங்க வூட்டுக்கு மட்டும் போங்கன்னு விதிய மாத்திட்டாங்க. ஏன்டா, பாண்டி பஜார்ல கெடைக்காத பனியனா?

டொனால்டு க்னூத்னு ஒரு பெரியவர் இருக்காரு. 2008 வரைக்கும், அவரு புத்தகத்துல புதுசா ஒரு பிழை காட்டினா 2.56 டாலருக்குக் காசோலை எழுதித் தந்தாரு. 256 காசு. வாங்கினவன் பேங்குக்கா போனான்? கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டினான். ஏன்னா அவரு ஒவ்வொண்ணையும் சரி பாத்துத்தான் தந்தாரு.

நீ சரி பாத்தியா? நம்ம விழுப்புரத்துலயே லினக்ஸ் பயனர் குழு இருக்குது. கணியம்ங்கிற இணைய இதழ்ல தமிழ்லயே எழுதி வெச்சிருக்காங்க. யாரு பக்கத்துலயாவது ஒக்காந்து அந்த வரியத் தட்டிப் பாத்தியா? இல்ல, படிச்சதோட சரியா?

எங்க, போனைக் காட்டு. கண்ணாடிய எடு. ம்... கோப்புறை உண்டாக்குற கட்டளை. நெளிஞ்ச அடைப்புக்குள்ள படம், கமா, பாட்டு. அந்தக் கமாவுக்குப் பின்னாலதான் இடம் வுட்டியா?

அடப்பாவி. ஒட்டிக்கினு இருந்தாத்தான்டா அது ரெண்டு பேரையும் பிரிச்சி ரெண்டு கோப்புறை உண்டாக்கும். நீ இடம் வுட்டதுல அடைப்பே ஒடஞ்சிபோச்சு. இப்போ ஒரு கோப்புறைக்கு முன்னால அடைப்பு ஒட்டிக்கினு நிக்கும், வாலுல கமா தொங்கும். இன்னொண்ணுக்குப் பின்னால அடைப்பு ஒட்டிக்கும்.

எங்கடா ஓடுற? இன்னும் யாரும் ஏத்துக்கலல்ல? மோரக் குடிச்சிட்டுப் போய்த் திருப்பி வாங்கு.