கூடு நிலைத்தது, உயிர் பெயர்ந்தது: பழைய கேபினெட் ஒன்றை வீட்டிலேயே சீரமைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் பானையோடுகளுக்குக் காட்டிய மரியாதையைக் கணினிப் பெட்டிகளுக்குக் காட்டவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று 1876 முதல் தோண்டிப் பார்த்து வருகிறோம். நம் வீட்டு மேசைக்கடியில், காலால் இடறுண்டும் துடைப்பத்தால் குத்துண்டும் நிற்கிற தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், பார்த்தவர் சொற்பம். பார்த்ததோடு நில்லாமல் அப்பெட்டியை அறுத்து, தேய்த்து, துளையிட்டு, பெயின்ட் அடித்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டோர் அதனினும் சொற்பம். அச்சிறுபான்மையினரின் செயல்களை ஆராய்ந்து, அவற்றுக்கு ஒரு தத்துவ அடிப்படையும் வகுக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மிட் டவர் கேபினெட். பிறப்பிடம் சென்னை ரிச்சி தெரு. பாகங்களைக் கடைகடையாக ஏறி வாங்கி, மாடிப்படியோரக் கடை ஒன்றில் அசெம்பிள் செய்யச் சொல்லி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவரப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தது. முகம் பிளாஸ்டிக்; உடல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள இரும்புத் தகடு. உள்விளிம்புகளை மடித்து விடும் வழக்கம் அக்காலத்தில் அரிது. எனவே உள்ளே கைவிட்டவர் துளி ரத்தமாவது சிந்தாமல் மீண்டதில்லை. பலி கேட்கும் காவல் தெய்வங்களைப் பற்றி எழுதிய மானிடவியலார் இதை எப்படித் தவறவிட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

முதலில் தத்துவம். உடல் அழியும், உயிர் நிலைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேபினெட்டில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளே இருக்கும் மதர்போர்டும் புராசசரும் சில ஆண்டுகளில் காலாவதியாகின்றன. கூடு அசையாமல் நிற்கிறது. காரணம், 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை. போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், அதை இறுக்கும் ஸ்க்ரூத் துளைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்கம் கேபிள் செருகும் சாளரம் 158.75-க்கு 44.45 மில்லிமீட்டர் என்று அன்று விதித்தது இன்றும் செல்லுபடியாகிறது. பென்டியம் குடியிருந்த கூட்டில் நேற்று வாங்கிய போர்டு முனகாமல் உட்காருகிறது. செல்போன் சார்ஜரின் முனைகூட ஓயாமல் உருமாறிவந்த உலகில், இத்தனை காலம் இடம் மாறாத துளை என்பது பெரிய புராணத்தில் சேர்க்கத்தக்க செய்தி.

அப்புராணத்திலேயே இதற்கொரு முன்மாதிரியும் உண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனின் உடலுக்குள் யோகியார் ஒருவர் புகுந்து திருமூலர் ஆனார். பசுக்களை ஊர் சேர்த்துவிட்டு வந்து பார்த்தால், பத்திரமாக வைத்துவிட்டுப் போன சொந்த உடலைக் காணோம்; இறைவன் மறைத்துவிட்டான். பழைய கேபினெட்டைப் பரணில் பத்திரமாக ஏற்றிவிட்டு வெளியூர் போய் வந்தவர்களுக்கு இது புதிய அனுபவமன்று. இங்கே அதை மறைத்தது இறைவன் அல்லன். எடைக்கு எடை காசு கொடுத்த பழைய இரும்புக் கடைக்காரர். அற்றேல், புதிதாக ஒன்று வாங்கினால் என்ன எனின், அவ்வாறு வினவுவோர் இத்துறைக்கு உரியர் அல்லர் என்க.

கூடு அதேதான், உயிர்தான் பருத்துவிட்டது. இக்காலக் கிராஃபிக்ஸ் கார்டுகளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டுபவை உண்டு. பழைய கேபினெட்டில் அவ்விடத்தில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கான கூண்டு ஒன்று குறுக்கே நிற்கும். ரிவெட்டின் தலையை டிரில்லால் குடைந்தெடுத்தால் கூண்டு கையோடு வந்துவிடும். பெட்டியும் அதுமுதல் லேசாக ஆடத் தொடங்கும். அதுவரை அக்கூண்டு பெட்டிக்கு முதுகெலும்பாக இருந்தது அப்போதுதான் தெரியவரும்.

இனி நிறம். 1998-இல் ஐமேக் நீலப்பச்சை உடுத்தி வரும்வரை உலகக் கணினிகள் பெரும்பாலும் அழுக்கு வெள்ளையில்தான் இருந்தன. நம் ஊரில் அதன்பின்னும் பல்லாண்டு இருந்தன. ஆண்டுகள் போகப் போக முகப்பு மட்டும் மஞ்சளாகும், பக்கத் தகடு பழையபடியே இருக்கும். தீப்பிடிக்காமலிருக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் சேர்மங்கள் புறஊதாக் கதிர்பட்டுச் சிதைவதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மருந்தும் உண்டு. 2008-இல் பழங்கணினி ஆர்வலர்களிடையே பரவிய முறை அது: ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த, முடிக்கு நிறமேற்றும் கடைகளில் கிடைக்கும் கிரீமைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைப்பது. கையுறை அவசியம், பெராக்சைடு தோலைச் சுட்டுவிடும். குளிர்நாட்டார் இதற்கென்று புறஊதா விளக்கு வாங்குகிறார்கள். நமக்கு மொட்டைமாடி இருக்கிறது. கூழ்வற்றலுக்கும் மோர்மிளகாய்க்கும் நடுவே கேபினெட்டின் முகம் மல்லாந்து கிடக்கும். காகம் முதலிரண்டை மட்டும் நாடும். கிரீமைச் சீராகப் பூசாவிட்டால் முகப்பு வரிவரியாக வெளுத்துப் புலித்தோல் போலாகும். சீராகப் பூசினாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பக்கூடும். நிலையாமையைச் சொல்ல நம் புலவர்களுக்கு இப்படியொரு பிளாஸ்டிக் வாய்த்ததில்லை.

பக்கத் தகட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட். 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று. மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் ஏறிப் பூச்சு வெளிறிப்போகும். இவையெல்லாம் எவரும் அறிந்தவை. அறியப்படாதது, தேய்ப்பதற்கு முன் எழும் தொல்லியல் சிக்கல்: குங்குமப் படிவு.

ஆயுத பூஜைதோறும் கேபினெட்டின் பக்கவாட்டில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பது தமிழ்க் குடும்ப வழக்கம். பழைய பொட்டைத் துடைக்க யாருக்கும் மனம் வராது. புதிய பொட்டு பக்கத்தில் அமரும். ஆகவே மரத்தின் வளையங்களை எண்ணி வயது காண்பதுபோலப் பொட்டுகளை எண்ணிக் கேபினெட்டின் வயதைக் கணிக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் கோட்பாடு. இதில் ஒரு குறை. ஹார்ட் டிஸ்க் படுத்த ஆண்டுகளிலும், வீட்டுப் பிள்ளை ஆன்லைனில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பிய ஆண்டிலும் பருவம் தப்பிய பொட்டுகள் விழுந்திருக்கின்றன. இவற்றைக் கழித்தே காலம் கணிக்க வேண்டும். எது பருவப் பொட்டு, எது பதற்றப் பொட்டு என்று பிரித்தறியும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

உப்புத்தாளை எடுத்ததும் களத்தின் மூத்த தகவலாளரான தாயார் குறுக்கிட்டார். "பெயின்ட் அடிக்கிறதுன்னா அடி. பொட்டை விட்டுட்டு அடி." அகழாய்வுக் குழிகளில் மண்ணடுக்குகளுக்குச் சாட்சியாக ஒரு பகுதியைத் தோண்டாமல் விட்டுவைப்பது தொல்லியல் மரபு. அம்மரபு அம்மாவுக்கு இயல்பாகவே தெரிந்திருக்கிறது. வட்டமாக டேப் ஒட்டி மறைத்து அடித்ததில், கரிய தகட்டின் நடுவே பழைய வெள்ளையில் ஒரு வட்டமும், அதற்குள் பல்லாண்டுச் சந்தன குங்குமமும் நிற்கின்றன. கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் வைத்த புதிய கேபினெட்டுகளில் இந்த அழகு வர வழியில்லை. கண்ணாடியில் குங்குமம் நிற்காது.

வண்ண விளக்கு என்றதும் ஒரு வரலாற்றுக் குறிப்பு. விளக்கு வைத்தால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கையை இளைஞர்மேல் ஏற்றிச் சிரிக்கிறார்கள். மூத்தோர் மட்டும் என்ன வாழ்ந்தது? 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் பின்னால் வந்த வேகமான கணினிகளில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்தன. கணினியை வேண்டும்போது மந்தமாக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். அதற்கு 'டர்போ' என்று பெயரிட்டார்கள். பக்கத்திலேயே மெகாஹெர்ட்ஸைக் காட்டும் சிவப்பு எண்பலகை. அது எதையும் அளக்கவில்லை. பின்னாலிருக்கும் ஜம்பர்களை எப்படிச் செருகினோமோ அந்த எண்ணைக் காட்டியது, அவ்வளவே. 33 ஓடும் பெட்டியில் 66 என்று காட்ட விற்பவருக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்பட்டிருக்காது. முகப்பு பொய் சொல்வது இன்று வந்த பழக்கமன்று. இன்றைய பொய் வண்ணத்தில் வருகிறது, அவ்வளவே.

கேபினெட்டில் முதலில் மாள்வது பவர் பட்டன். உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடும். நம் மெக்கானிக்குகள் ரீசெட் பட்டனின் ஒயரைக் கழற்றி பவர் முனைகளில் செருகிக் கொடுப்பார்கள், ரீசெட்டே பவராகும். பட்டத்து யானை படுத்தால் கோயில் யானையை அழைப்பதுபோன்ற இத்தீர்வு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ரீசெட்டும் மாண்டபின் என் செய்வது? ஏடிஎக்ஸ் போர்டில் அந்த இரு முனைகளும் ஒரு கணம் தொட்டுக்கொண்டால் போதும். அழுத்தினால் தொட்டு, விட்டால் பிரியும் எந்தப் பட்டனும் இதற்கு ஆகும். நம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் எளிதில் கிடைப்பது காலிங் பெல் சுவிட்ச்.

இதன் சிறப்புகள் பல. நீளமான ஒயர் போட்டு மேசைமேல் பொருத்திவிட்டால், முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் கணினியைத் தொடங்கலாம். ஆனால் அதன்மேல் மணியின் படம் பொறித்திருப்பது ஒரு சமூகச் சிக்கல். வீட்டுக்கு வந்த உறவுக்காரச் சிறுவர்கள் மணியைக் கண்டால் அழுத்துவார்கள். ஓசை வராததால் மறுபடி அழுத்துவார்கள். அதற்கும் வராவிட்டால் அழுத்திப் பிடிப்பார்கள். நான்கு விநாடிக்குமேல் பிடித்தால் கணினி எதையும் சேமிக்காமல் அணைந்துவிடும். "மாமா, உங்க பெல் ரிப்பேர்" என்று சான்றிதழும் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: ஏடிஎக்ஸுக்கு முந்திய ஏடி வகைப் பெட்டிகளில் முகப்பு சுவிட்ச் வழியாக 230 வோல்ட்டே நேராக ஓடியது. அவற்றில் இந்த ஆராய்ச்சி ஆகாது. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் எக்காரணம் கொண்டும் பிரிக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கக்கூடும். அது கருவறை, உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தாலும் பல்லியின் பொறுப்பு. பழையதென்றால் அப்படியே மாற்றிவிடுவதே முறை.

காற்றோட்டம் குறித்து இரு பள்ளிகள் உள்ளன. நிறைகாற்றுப் பள்ளியார், வெளியேறுவதைவிட அதிகமான காற்றை ஃபில்டர் வழியே உள்ளே தள்ள வேண்டும், அப்போது இடுக்குகளில் தூசி நுழையாது என்பர். குறைகாற்றுப் பள்ளியார், சூட்டை வெளியே இழுப்பதே முதல் கடமை என்பர். அவர்கள் பெட்டியில் ஒவ்வோர் இடுக்கும் தூசியை உறிஞ்சும். பழைய கேபினெட்டுக்கு இரண்டும் எட்டாக்கனி. பின்புறம் ஒரே ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேன், முன்புறம் மூச்சுவிட இடமில்லாத பிளாஸ்டிக். ஆகவே முன்னால் கீழ்ப்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்குத் துளை போட வேண்டும். அதன் ஸ்க்ரூக்கள் 105 மில்லிமீட்டர் இடைவெளியில் அமையும். உள்ளிருப்பவை அனைத்தையும் கழற்றிய பின்பே அறுக்க வேண்டும், இரும்புத்தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். ஃபில்டராகக் கொசுவலைத் துண்டு போதும்.

துளை போடத் தெருமுனைக் கிரில் பட்டறைக்கு எடுத்துச் சென்றபோது பதிவான உரையாடல் வருமாறு:

"இதுல ஏற்கெனவே நெறைய ஓட்டை இருக்கே சார்?"

"அதெல்லாம் காத்து வெளிய போறதுக்கு. இது உள்ள வர்றதுக்குண்ணே."

"மூடியக் கழட்டி வச்சிட்டா ரெண்டும் நடக்குமே?"

மூன்றாவது பள்ளி ஒன்று உண்டென்று இவ்வாய்வாளர் உணர்ந்த இடம் இது. திறந்தவெளிப் பள்ளி எனலாம். பக்கத் தகட்டை நிரந்தரமாகக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது இதன் சாரம். தமிழகத்தில் இப்பள்ளிக்கே அடியார் கூட்டம் அதிகம். நூல்களில் மட்டும் இதற்கு இடமில்லை. வெப்பம் தணிகிறது என்பதில் ஐயமில்லை; தூசி, கரப்பான், பூனை மூன்றும் தடையின்றி நுழைகின்றன என்பதிலும் ஐயமில்லை. பட்டறைக்காரர் துளையை வட்டமாகவே அறுத்துக் கொடுத்தார். விளிம்புக்கு ரப்பர் பீடிங்கும் சொருகினார். கூலி வாங்கும்போது, "எதுக்கும் மூடியக் கழட்டியே வைங்க" என்றார்.

எஞ்சியது மேலே இருக்கும் ஐந்தேகால் அங்குல அறை. 1976-இல் ஷுகார்ட் நிறுவனத்தின் ஃபிளாப்பி டிரைவ் கொண்டுவந்த அளவு. ஃபிளாப்பி போய், சிடி போய், டிவிடியும் போன பின் 146 மில்லிமீட்டர் அகலமும் 41.3 மில்லிமீட்டர் உயரமுமாக வாய்பிளந்து நிற்கிறது. பழைய டிவிடி டிரைவின் வயிற்றைக் காலிசெய்து, உள்ளே ஒட்டுப்பலகையால் ஓர் இழுப்பறை செய்து நுழைத்தாயிற்று. வீட்டார் இச்சீரமைப்பு முழுவதிலும் மனமாரப் பாராட்டியது இதை ஒன்றைத்தான். ஈபி கார்டும் கேஸ் புத்தகமும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. கணினியைத் தொடாத நாள் உண்டு. இழுப்பறையைத் திறக்காத நாளில்லை.

அனைத்தையும் திரும்பப் பூட்டியதில் சில ஸ்க்ரூக்கள் மிஞ்சின. கேபினெட்டில் இருவகை ஸ்க்ரூக்கள் உண்டு: பெட்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் 6-32 என்னும் பருமரை, டிவிடி டிரைவுக்கு எம்3 என்னும் நுண்மரை. பார்க்க இரட்டைப் பிறவிகள். நுண்மரையைப் பருமரைத் துளையில் போட்டால் ஆடும். மாற்றிப் போட்டால் துளையின் மரை நாசமாகும். மிஞ்சியவை எந்த வகை, எங்கிருந்து வந்தவை என்பது தெளிவாகவில்லை. பெட்டியும் அவை இல்லாத குறையைக் காட்டிக்கொள்ளவில்லை. இழுப்பறையில் ஈபி கார்டுக்கடியில் ஒரு தீப்பெட்டிக்குள் அவை உள்ளன. மேலாய்வுக்குத் தேவைப்படுவோர் நேரில் வந்து, மேசைமேல் இருக்கும் பெல்லை மட்டும் அழுத்தாமல், வாயால் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.